கேதம். 11.40.

எங்கள் ட்யூட்டி அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'இந்த அறையில் யாரும் கேதம் என்று சொல்லவோ எழுதவோ கூடாது' என்பது அதன் முதல் வரி. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சகுனம் பார்க்கிற பெரிசு ஏதோ ஒன்று ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது என்று ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்தப் பெரிசு நான்தான். எனக்குச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஒரு சொல்லால் என் அக்கா வீட்டு வாசலில் ஒரு ஊரே எனக்காகக் காத்துக் கிடந்தது. உள்ளே மச்சானைக் கிடத்தியிருந்தார்கள். நான் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, நட்சத்திரம் செத்ததைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ட்யூட்டிக்கு வரும் புதியவர்களுக்குப் பயன்படும்படி அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று துறைத்தலைவர் கேட்டார். டிடெக்டரைப் பற்றி எழுதுவதற்குக் கையேடு இருக்கிறது. கையேட்டில் இல்லாததை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

எங்கள் கல்லூரி திண்டுக்கல்லுக்குத் தெற்கே வத்தலக்குண்டு சாலையில் இருக்கிறது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் சிறுமலை தெரியும். இயற்பியல் துறையின் கடைசி அறைதான் ட்யூட்டி அறை. பூமியைச் சுற்றும் விண்வெளித் தொலைநோக்கி ஒன்றில் காமாக் கதிர்களை உணரும் டிடெக்டர் இருக்கிறது. நாட்டில் நாலைந்து கல்லூரிகள் முறைபோட்டு அதன் டேட்டாவைப் பார்க்கின்றன. அதில் நாங்களும் ஒன்று.

வானத்தில் எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் தன் ஆயுள் முடிந்து உள்ளே சரியும்போது, சில விநாடிகள் காமாக் கதிர்கள் பீறிட்டு வரும். எங்கள் பாஷையில் அது 'பர்ஸ்ட்'. ஒரு நாளைக்கு ஒன்றாவது எப்படியும் வரும். எந்தத் திசையிலிருந்து, எப்போது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வந்த பிறகு அதே இடத்தில் எக்ஸ்ரேயும் வெளிச்சமுமாக ஒரு பின்னொளி மிஞ்சும். முதல் சில மணி நேரத்திலேயே அது பெரும்பாலும் மங்கிவிடும். அதற்குள் இடத்தைக் கண்டுபிடித்து, மற்ற தொலைநோக்கிகளை அந்தப் பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் வேலை.

நான் டெக்னிக்கல் ஆபீசராகச் சேர்ந்த முதல் நாள், திரையில் கவுன்ட்ஸ் கோடு, அதாவது வருகிற கதிர்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு, ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது. "சார், பர்ஸ்ட்!" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அப்போதைய பொறுப்பாளர் கையில் பாதி வடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"சேட்டிலைட் இப்ப எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

"பாக்கலை சார்."

"பிரேசில் பக்கத்துக் கடலுக்கு மேல இருக்கு. அங்கன போனா எப்பவும் துகள் மழைதான். இன்னும் செத்த நேரத்துல டிடெக்டர் தானா ஆஃப் ஆயிரும் பாருங்க. பர்ஸ்ட்டுன்னா இப்படி ஆடி அசைஞ்சு ஏறாது, பட்டுன்னு ஏறும்."

அவர் சொன்னபடியே ஆஃப் ஆனது. மீதி வடையைத் தின்றுவிட்டு மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார். நேரம் என்ன? எங்கே? நீளம் எவ்வளவு? இந்த மூன்றையும் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்றார். இருபத்தைந்து வருடம் இந்த மூன்றைத்தான் கேட்டேன். நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

நேரம் என்றால் யுடி, அதாவது உலக நேரம். நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி கழித்தால் அது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுசு. யாராவது இந்திய நேரத்தில் எழுதிவிட்டால் அன்றைக்கு முழுதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். சாப்பிடக் கூப்பிடும்போதுகூட இவருக்கு யுடியில்தான் சொல்லணும் என்று என் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

2. பெயர் வைத்தவர்

என் அக்கா ராசாத்தியை எரியோட்டில் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சான் முத்துப்பாண்டி முருங்கை போட்டிருந்தார், ஓரத்தில் கொஞ்சம் தக்காளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தண்ணீர் பாய்ச்ச, நான் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். என் போன் அலறியது.

"என்ன மாப்ளே, போனு இந்தக் கத்து கத்துது?"

"ஒரு நட்சத்திரம் செத்துருச்சு மச்சான். அலர்ட் வந்துருக்கு."

மச்சான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பட்டப்பகல் வானத்தில் என்ன தெரியும்.

"எப்பச் செத்துச்சு?"

"எழுநூறு கோடி வருசம் இருக்கும்."

"ஏலே, அம்புட்டு வருசம் முன்னாடி செத்ததுக்கா இப்ப போனு வருது?"

"வெளிச்சம் இன்னிக்குத்தான் மச்சான் வந்து சேந்துருக்கு."

"அப்ப சேதி இப்பத்தான் வந்துருக்குன்னு சொல்லு. இது கேதம்டா மாப்ளே. எழுநூறு கோடி வருசம் லேட்டாப் போயிக் கேதம் கேக்குற ஆளு இந்தச் சில்லாவுலயே நீ ஒருத்தன்தான்."

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டைக் கேத வீடு என்போம். துக்கம் விசாரிக்கப் போவது கேதம் கேட்கப் போவது. மச்சான் சொன்னதை மறுநாள் ட்யூட்டி அறையில் சொன்னேன். எங்களோடு வேலை பார்க்கும் ரஹ்மத் பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். பேகம்பூர்க்காரர், என்னைவிட இருபது வயது இளையவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"நீள பர்ஸ்ட்டு கேதம்னா, குட்டை பர்ஸ்ட்டு கல்யாணம்ண்ணே" என்றார்.

இரண்டு விநாடிக்குள் முடிகிற பர்ஸ்ட் வேறு வகை. செத்துச் சுருங்கிய இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒன்றாகிவிடும்போது வருவது அது.

"ரெண்டு செகண்டுல முடியிற கல்யாணமா?" என்றேன்.

"கல்யாணம் ரெண்டு செகண்டுதான்ண்ணே. அதுக்கு முன்னாடி சுத்துறதுதான் கோடிக்கணக்கான வருசம். எங்க வீட்டுல எனக்குப் பேசி முடிச்ச மாதிரியே இருக்கு."

அன்றிலிருந்து அதுவே எங்கள் பேச்சு வழக்கானது. வாட்ஸ்அப்பில் செய்தி போடுவதற்கு ஒரு அச்சும் தானாக அமைந்தது. முதலில் கேதமா, கல்யாணமா. பிறகு நேரம். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். குரல் பதிவு அனுப்பினால் யாரும் கேட்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். நேரத்தைக் காதால் கேட்டு எழுதினால் தப்பு வரும். எழுத்தில் வந்ததுதான் செய்தி, மற்றதெல்லாம் இரைச்சல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

தான் வைத்த பெயர் நிலைத்துவிட்டதில் மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. எரியோடு சந்தையில் யாரைப் பார்த்தாலும், "இந்த வாரம் எத்தனை கேதம்னு என் மாப்பிள்ளையக் கேளு" என்பார். கேட்கிறவர்கள் எனக்கு அரசாங்கத்தில் இறப்புப் பதிவு வேலை என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

3. அந்த வியாழக்கிழமை

ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம் இருந்தது. அன்றைக்கு ட்யூட்டி ரஹ்மத்துடையது, ஆனால் இரண்டு மணிவரை அவருக்கு வகுப்பு. நான் மாற்று ஆள். மனைவி மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தாள். அறையில் யுபிஎஸ் தகராறு செய்ததால், போனை மேசையிலேயே விட்டுவிட்டு, பதினொன்றரைக்கு எலக்ட்ரீஷியனைத் தேடிக் கீழே போனேன். பன்னிரண்டேகாலுக்குத் திரும்பி வந்து போனைப் பார்த்தபோது ஒரு செய்தி இருந்தது.

'கேதம். 11.40. உடனே வாங்க.'

புது எண். பெயர் இல்லை. அதிலிருந்தே இரண்டு தவறிய அழைப்பும் இருந்தன. முகப்புப் படத்தில் உதிக்கிற சூரியன் இருந்தது. மதுரையிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் ட்யூட்டிக்குச் சேரப் போவதாகவும், என் எண்ணையும் எங்கள் கேத வழக்கையும் அவருக்குச் சொல்லிவிட்டதாகவும் ரஹ்மத் சொல்லியிருந்தார். அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். சேருவதற்கு முன்பே கண்கொத்திப் பாம்பாக அலர்ட்டைப் பார்த்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடியே கோபம் வந்தது. 11.40 என்றால் இந்திய நேரம். கணினியில் அலர்ட் பக்கத்தைத் திறந்தேன். இன்னொரு நாட்டுச் செயற்கைக்கோள் யுடி 06.12க்கு ஒரு பர்ஸ்ட்டைப் பதிந்திருந்தது. நம் நேரம் 11.42. ஆக, இந்த ஆள் யுடியும் போடவில்லை, நிமிடத்தையும் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்.

செய்திக்கு மேலே ஒரு குரல் பதிவும் இருந்தது. இருபத்திரண்டு விநாடி. சட்டப்படி அதைத் தொடவில்லை.

பதில் எழுதினேன். 'இந்திய நேரம் போடாதே. யுடி போடு. நீளம் எவ்வளவு?'

எழுதிவிட்டு, வழக்கம்போல் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிக் கவிழ்த்து வைத்தேன்.

அதன் பிறகு நடந்த வேலையைப் பற்றி வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அலர்ட் கொடுத்த செயற்கைக்கோளால் இடத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கையை நீட்டிப் பிடித்தால் உள்ளங்கை மறைக்கிற அளவு வானம் முழுவதும் சந்தேகத்தில் இருந்தது. நம் டிடெக்டரின் டேட்டா 12.40க்குத் தரைக்கு வந்து சேர்ந்தது. கோடு பட்டென்று ஏறி, இரண்டு முறை துடித்து, முப்பத்தெட்டு விநாடியில் அடங்கியிருந்தது. பிரேசில் பக்கத்துத் துகள் மழையும் இல்லை, சூரியனில் நடக்கிற வெடிப்பும் இல்லை. அசல் கேதம். இரண்டு டேட்டாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் உள்ளங்கை கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியது. எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கிக்கு அவசரக் கோரிக்கை எழுதினேன். அவர்கள் லேசில் சம்மதிக்க மாட்டார்கள், ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தித் திருப்ப வேண்டும். இணைய அழைப்பில் முக்கால் மணி நேரம் வாதாடினேன். ஐந்து துண்டாகப் பிரித்துப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை.

மணி இரண்டு இருபது. சர்க்குலர் எழுத உட்கார்ந்தேன். உலகத்தில் பர்ஸ்ட் பார்க்கிற அத்தனை பேருக்கும் மின்னஞ்சலில் போகும் குறிப்பு அது. முதலில் கண்டு சொன்னவர் பெயரை முதலில் போடுவது எங்கள் குழு மரபு. செய்தி வந்திராவிட்டால் நான் அலர்ட் பக்கத்தை அரை மணி கழித்துத்தான் திறந்திருப்பேன். யுடி தெரியாவிட்டாலும் அந்த மதுரைக்காரர் பெயர்தான் முதலில் வர வேண்டும். பெயர் எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள் என்று கேட்கப் போனைத் திருப்பினேன்.

பதினேழு தவறிய அழைப்புகள். என் மனைவியிடமிருந்து ஆறு. அந்தப் புது எண்ணிலிருந்து மூன்று செய்திகள் வந்திருந்தன.

'எதோட நீளம் மாமா?'

'எப்ப வாரீங்க மாமா?'

'சின்னம்மா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.'

அதற்குப் பிறகுதான் குரல் பதிவைத் தொட்டேன்.

"மாமா, சரவணன் பேசுறேன். சித்தப்பா போயிட்டாரு மாமா. முருங்கைக்கு மோட்டார் போட வந்தவரு அங்கனயே சாஞ்சிட்டாரு. தூக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனோம், வழியிலேயே, பதினொண்ணு நாப்பதுக்கு உசிரு போயிருச்சுன்னுட்டாங்க. போன எடுங்க மாமா."

சரவணன் மச்சானின் அண்ணன் மகன். முப்பது வயதுக்காரன், டிராக்டர் ஓட்டுகிறவன். போன மாதம் இவன் போன் நம்பரை மாற்றியதாக மச்சான் சொல்லியிருந்தார். நான்தான் பதிந்து வைக்கவில்லை.

4. கோடி

வகுப்பு முடிந்து சாப்பிட்டுவிட்டு வந்த ரஹ்மத், நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். போனை அவரிடம் நீட்டினேன். எல்லாவற்றையும் படித்தார். நான் அனுப்பியதையும் படித்தார். "யா அல்லாஹ்" என்றார். கார் சாவியை எடுத்தார்.

"சர்க்குலர் அனுப்பலை" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"இன்னும் என்ன பாக்கி?"

"முதல் பேரு."

அவர் குனிந்து தன் பெயரை அடித்து அனுப்பிவிட்டு, "எந்திரிங்கண்ணே" என்றார்.

புருஷன் இறந்தால் பொண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போடாமல் எடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். இது எனக்கு நினைவே இல்லை. ரஹ்மத் கடைவீதிக்குள் திரும்பி வண்டியை நிறுத்தியபோது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

"கோடி வேணும்ல? எங்க தெருவுல எத்தனை கேதத்துல பாத்துருக்கேன். நீங்க இறங்காதீங்க, நான் வாங்கிட்டு வாரேன்" என்று ரஹ்மத் போய் வாங்கிவந்தார்.

வழியில், "மூணு மணிக்கு எடுக்குறதா இருந்துச்சாம்ண்ணே. நீங்க வரணும்னு வச்சிருக்காங்களாம். சரவணன்கிட்ட பேசிட்டேன்" என்றார். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். அதற்குள் மச்சானின் முகத்தைப் பார்த்துவிடுவேனா என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தலுக்கு வெளியே ஆட்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரப்பா, வழிய விடுங்க" என்று ஒரு குரல் வந்தது. யாரும் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மச்சான் தூங்குவது போலத்தான் கிடந்தார். விரல் நகத்தில் காட்டு மண் அப்படியே இருந்தது. அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"வந்தியா" என்றாள்.

"போன் செத்துப்போச்சுக்கா" என்றேன்.

பொய். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது. அவள் கோடியை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுடுகாட்டுக்குப் போகும்போது சரவணன் என் பக்கத்தில் நடந்தான். "நீளம் எவ்வளவுன்னு போட்டிருந்தீங்களே மாமா. கோடிக்குத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன். சேலைக்கு எதுக்கு நீளம்னு ஒண்ணும் வெளங்கல. பதறிப்போயி எழுதுனீங்க போலன்னு விட்டுட்டேன்" என்றான். அந்த நிலையிலும் அவன் எனக்காக ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அது இரண்டாவது பொய்.

5. திருத்தம்

நட்சத்திரத்தின் பின்னொளி அகப்பட்டது. ஐந்து துண்டில் நான்காவதில் இருந்தது. எங்கள் சர்க்குலருக்குப் பிறகு வேறு வேறு நாடுகளிலிருந்து வரிசையாகச் சர்க்குலர்கள் வந்தன. நான் ஒன்றையும் திறக்கவில்லை.

சர்க்குலரில் ஒரு வழக்கம் உண்டு. அனுப்பியதை அழிக்க முடியாது. இடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால், துகள் மழையைப் பர்ஸ்ட் என்று சொல்லிவிட்டால், இன்னொரு சர்க்குலர் எழுத வேண்டும். முன்னது தவறு, இன்ன காரணத்தால் தவறினோம் என்று நம் பெயரைப் போட்டு நாமே எழுத வேண்டும். நானே மூன்று முறை எழுதியிருக்கிறேன். எழுதும்போது காது சூடாகும். அனுப்பிய பிறகு சோறு இறங்கும். உலகத்தில் முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் அப்படி எழுதியவன், அக்காவிடம் போன் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அக்கா பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மச்சான் வைத்த மரத்துக் கீரை. நான் எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னிக்கு எம் போன் சாகல."

அவள் கை நிற்கவில்லை.

"சரவணன் அனுப்புனது அப்பவே வந்துருச்சு. நானும் பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். கேதம்னு இருந்துச்சு. நட்சத்திரம்னு நெனச்சுட்டேன்க்கா. வேலையில உக்காந்துட்டேன்."

இப்போது கை நின்றது. என்னைப் பார்த்தாள். பதினாறு நாளில் அப்போதுதான் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். சின்ன வயதில் நன்றாக அடிப்பாள்.

"அந்தப் பேர வச்சதே அவருதானடா" என்றாள்.

சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எந்த இடத்தில் சிரிப்பு அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதேன். கீரைக்காம்பெல்லாம் தரையில் சிதறிவிட்டது.

"இத மட்டும் அவரு கேட்டிருந்தாருன்னா, எரியோடு சந்தை பூராம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு" என்றாள். "அவரு கோவிச்சுக்க மாட்டாருடா. நான் கோவிச்சுக்குவேன். தெருவையே பாத்துக்கிட்டு உக்காந்துருந்தேன். வண்டிச் சத்தம் கேக்குறப்பல்லாம் நீதான்னு நெனச்சேன்."

"கோவிச்சுக்கக்கா."

"கோவமாத்தான் இருக்கேன். சாப்டியா நீ?"

"இல்ல."

"எந்திரி. வெஞ்சனம் ஆறிப்போகும்."

சோறு போடும்போது கேட்டாள். "அன்னிக்கு ஒண்ணு பாத்துக்கிட்டு இருந்தியே, அது என்னாச்சு?"

"ஒம்பது நாளு தெரிஞ்சுச்சுக்கா. அப்புறம் மங்கிருச்சு."

"ஒம்பது நாளா?" என்றாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "பரவாயில்ல. நாலு பேரு வந்து பாத்தாகள்ல."

சரவணனிடம் அன்று சாயங்காலமே சொன்னேன். அவன் போனை எடுத்து அந்தச் செய்தியை இன்னொரு தடவை படித்துவிட்டு, "யுடின்னா என்னா மாமா?" என்றான். விளக்கினேன். 'இந்திய நேரம் போடாதே' என்று நான் அனுப்பியதை இன்னும் அழிக்கவில்லை. அவனையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் ட்யூட்டி அறைக்கு வந்து அந்தத் தாளை எழுதி ஒட்டினேன். குரல் பதிவைக் கேட்கக் கூடாது என்ற என் சட்டத்தை நானே எடுத்தேன். ரஹ்மத் ஒட்டுநாடாவை வெட்டி வெட்டிக் கொடுத்தார்.

சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாளில் சின்ன எழுத்தில் இரண்டாவது வரி ஒன்று இருக்கிறது, அதையும் படியுங்கள். 'நேரம், இடம், நீளம் எல்லாம் அப்புறம். முதலில், யார் என்று கேள்.' இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

அந்தச் சொல்லை இப்போது என்னிடம் சொல்ல ஒருவருக்குத்தான் அனுமதி. அக்கா நாள் தவறாமல் போன் செய்கிறாள். நான் ஹலோ சொல்லக்கூட விட மாட்டாள்.

"சோமு, அக்கா பேசுறேன். கேதம் இல்ல. சாப்டியா?"